சராசரிக்கு ஒரு தலை குறைகிறது

எங்கள் கிடங்கில் மனிதர்களைத் தனித்தனியாக நிறுக்கும் வழக்கம் இல்லை. அரிசி மூட்டையையே தனித்தனியாக நிறுப்பதில்லை. சரக்கோடு லாரியை எடைமேடையில் ஏற்றுவோம். வருகிற எடையில் லாரியின் காலி எடையைக் கழிப்போம். மூட்டை எண்ணிக்கையால் வகுப்போம். வேலை முடிந்தது. ராணுவத்துக்குச் சாப்பாட்டுச் சாமான் அனுப்புகிற கிடங்கு அது. நான் அங்கே லாரி டிரைவர். எனக்குச் சீருடை உண்டு, தொப்பி உண்டு. துப்பாக்கியும் உண்டு, அது ஆயுத அறையில் பூட்டிக் கிடக்கிறது. அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

சும்மா போய்க்கொண்டிருந்த எங்கள் பிழைப்பில் தலைமையகம் ஒரு சுற்றறிக்கையை வீசியது. படைவீரர்களின் எடை கவலைக்கிடமாக உயர்ந்து வருகிறதாம். ஒவ்வொரு பிரிவின் சராசரி எடையும் எழுபது கிலோவுக்குள் வர வேண்டுமாம். வரும்வரை அந்தப் பிரிவில் ஒருவருக்கும் லீவு கிடையாதாம்.

மற்றவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. ஊரில் என் மனைவிக்கு இது மாதம். முதல் பிரசவம். வலி எடுக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தேன்.

எங்கள் கமாண்டர் நல்ல மனிதர். அதில் சந்தேகம் வேண்டாம். அவர் ஏறும்போது ஜீப் ஒரு பக்கம் சாயும், அவ்வளவுதான். சுற்றறிக்கையைப் படித்துவிட்டு எங்கள் முப்பது பேரையும் வரிசையாக நிற்க வைத்துப் பேசினார்.

"தனித்தனியா நிறுத்தா என்ன ஆகும்? ஒருத்தன் குண்டுன்னு வெளியில தெரிஞ்சிடும். அவன் மனசு புண்படும். மனசு புண்பட்டவன் எப்படிய்யா நாட்டைக் காப்பாத்துவான்? அதனால எல்லாரும் லாரியில ஏறுங்க. மூட்டைக்கு என்ன முறையோ அதே முறை. இதுக்குப் பேருதான் ஒற்றுமை."

ஏறினோம். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். எங்கள் சமையல்கார அண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். "நீங்க ஏறலையா சார்?" என்று கேட்டுவிட்டார்.

"நான் ஏறிட்டா எடையைப் பார்க்கிறது யாரு?"

நியாயமான பதில். ஆனால் வகுக்கும்போது முப்பதால் வகுக்கப் போனவர்களை அவரே தடுத்தார். "என்னை விட்டுட்டு எப்படிய்யா எண்ணுவீங்க? நான் இந்தப் பிரிவுல இல்லையா?" ஆக, அவருடைய தலை கணக்கில் சேர்ந்தது. உடம்பு தரையில் நின்றது. அப்படியும் சராசரி எழுபத்தெட்டு வந்தது.

அன்று மாலையே அவர் அறைக்குப் போனேன். மேஜையில் ஒரு தட்டு முறுகலான பிஸ்கட் இருந்தது.

"சார், என் சம்சாரத்துக்கு இது மாசம் சார்."

"வாழ்த்துகள்."

"லீவு வேணும் சார்."

"தாராளமா போ. சராசரி இறங்கினதும் போ."

"அது எப்ப சார் இறங்கும்?"

"அது உங்க வாய்லதான்யா இருக்கு," என்று சொல்லிவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

சரி, இறங்க வைப்போம் என்று மறுநாள் விடியும் முன்னே எழுந்து கிடங்கைச் சுற்றி ஓட ஆரம்பித்தேன். இரண்டாவது சுற்றில் காவல்காரன் மடக்கினான். "எதுக்கு ஓடுறே? யாரு துரத்துறா?" ஒருத்தரும் துரத்தவில்லை, நானாகத்தான் ஓடுகிறேன் என்று சொன்னதும் அவனுக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. நேராகக் கமாண்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினான்.

கமாண்டருக்கு என்மேல் கோபம் இல்லை, வருத்தம்தான். "ஓடுறதுக்கு யாருகிட்ட அனுமதி வாங்கினே? வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா லாரியை யாரு ஓட்டுவா? நீ ஒருத்தன் பத்துக் கிலோ இளைச்சாலும் சராசரியில அது கால் கிலோ சொச்சம்தான். அந்தக் கால் கிலோவுக்காக ஒரு டிரைவரை நான் இழக்க முடியாது." அதோடு, உடற்பயிற்சித் திட்டம் முறைப்படி தொடங்கும்வரை கிடங்கு எல்லைக்குள் யாரும் ஓடக்கூடாது என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டவும் செய்தார்.

திட்டத்தை முறைப்படி தொடங்கிவைக்கத் தலைமையகத்திலிருந்து உடல்தகுதி மேஜர் வந்தார். வாசலுக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. அந்தத் தூரத்தைக் காரிலேயே கடந்து, மேடையின் படிக்குப் பக்கத்தில் இறங்கினார். எங்கள் விளையாட்டு மைதானம் முழுக்க நாற்காலி போட்டிருந்தோம். காலையில் உட்கார்ந்தவர்கள் சாப்பாட்டு வேளைவரை எழுந்திருக்கவில்லை. நடுநடுவே டீயும் பிஸ்கட்டும் இருந்த இடத்துக்கே வந்தன.

"நம்ம வீரர்கள் உட்கார்ந்தே கிடக்குறாங்க! நம்ம இளைஞர்கள் உட்கார்ந்தே கிடக்குறாங்க!" என்று மேஜர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கர்ஜித்தார். "என்னை எடுத்துக்கங்க. வருஷம் பூரா ஊர் ஊரா கார்ல போய் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். எழுந்து நாலடி நடக்க நேரம் உண்டா? கிடையாது! உடற்பயிற்சியைப் பரப்புறதுக்காக என் உடம்பையே தியாகம் பண்ணியிருக்கேன். எத்தனை பேரால இது முடியும்?"

கைதட்டினோம். சமையல்கார அண்ணனுக்குக் கால் மரத்துப் போயிருந்தது. பாவம், மெல்லக் கையைத் தூக்கினார். "சார், கொஞ்சம் எழுந்து நின்னுக்கலாமா?"

"கேள்வி எல்லாம் கடைசியில," என்றார் மேஜர்.

கடைசியில் நேரம் இல்லாமல் போய்விட்டது. தொடக்க ஓட்டத்துக்காகக் கொடி தயாராக இருந்தது. ஓட வேண்டிய பாதையில் மேஜரின் கார் நின்றது. அதை நகர்த்தச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. மேஜர் நின்ற இடத்தில் நின்றபடியே கொடியை அசைத்தார், நாங்கள் நின்ற இடத்தில் நின்றபடியே கைதட்டினோம், எல்லாம் சேர்த்துப் போட்டோ எடுத்தார்கள்.

என் மனைவி தினமும் போன் பண்ணினாள். "ஏங்க, கிளம்பிட்டீங்களா?"

"சராசரி இறங்கலைம்மா."

"யாரு அவ?"

அவளுக்குச் சராசரியை விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் கமாண்டரை இளைக்கச் சொல்லுங்க," என்று வைத்துவிட்டாள். விஷயத்தை முதல் தடவையிலேயே புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

அடுத்த எடைக்கு முன் கமாண்டருக்கு ஒரு யோசனை உதித்தது. ஆளைக் குறைக்க முடியாவிட்டால் லாரியைக் குறைப்போம்! லாரியின் காலி எடை கதவில் பெயின்டால் எழுதியிருக்கிறது, அது மாறாது. ஆகவே ஸ்டெப்னி டயரைக் கழற்றினோம். ஜாக்கி, டூல்ஸ் பெட்டி, பின்கதவு எல்லாம் இறங்கின. டீசலையும் உறிஞ்சி எடுத்துவிட்டு ஒரு சொட்டு விட்டுவைக்கச் சொன்னார். அந்தச் சொட்டு எடைமேடைவரை வரவில்லை. வழியிலேயே வண்டி இருமிவிட்டு நின்றது.

வேறு வழி? இறங்கித் தள்ளினோம். முப்பது பேரும் தோளைக் கொடுத்து, மூச்சு முட்ட, அந்த மேட்டில் லாரியை ஏற்றினோம். சட்டை எல்லாம் நனைந்துவிட்டது. எனக்கு வருஷக்கணக்காகப் பிடித்திருந்த இடுப்புப் பிடிப்பு அன்றைக்குத்தான் விட்டது. எங்கள் கிடங்கு செய்த ஒரே உடற்பயிற்சி அதுதான். கெட்ட நேரம், அப்போது பார்த்து மேஜரின் கார் வந்து நின்றது.

"என்ன இது? ஏன் எல்லாருக்கும் இப்படி வேர்த்துக் கொட்டுது? ஏன் மூச்சு வாங்குது?" மேஜர் பதறிப்போனார். கமாண்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மேஜர் விடவில்லை. "உடம்பு கெட்டுக் கிடக்கிற ஆளுங்களை நிறுக்கக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே, மனசாட்சி இருக்கா? எல்லாருக்கும் படுக்கை ஓய்வு குடுங்க. நல்லா ஊட்டமா சாப்பாடு போடுங்க. வேர்வை நின்னப்புறம் நிறுக்கலாம்."

ஒரு வாரம் படுத்துக்கொண்டே சாப்பிட்டோம். பின்கதவை மாட்டி, டீசல் ஊற்றி, ஒழுங்காக நிறுத்தபோது சராசரி எழுபத்தொன்பது. சமையல்கார அண்ணன் மட்டும் ராத்திரிச் சாப்பாட்டை விட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்காகத்தான்டா தம்பி," என்றார். அவர் விட்டதை எல்லாம் பக்கத்துக் கட்டில்காரன் சாப்பிட்டுவிட்டதால் சராசரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பிரிவும் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட இளையோரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு உடல்தகுதியில் ஈடுபடுத்த வேண்டும். அவர்களும் பிரிவின் எண்ணிக்கையில் அடங்குவர். கமாண்டர் இதை மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அடங்குவர்!" என்று மேஜையைத் தட்டினார்.

அடுத்த தெருவில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே போய், இருப்பதிலேயே ஒல்லியான பிள்ளைகள் பத்துப் பேர் வேண்டும் என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் தன் கால்பந்து அணியை அனுப்பிவைத்தார். பிள்ளைகள் சாயங்காலம் பந்து விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில் இனி எங்கள் லாரியில் வந்து உட்கார வேண்டும். உடல்தகுதி என்பது என்ன என்று கமாண்டர் அவர்களுக்கு விளக்குவார். இளைஞர்களின் உடலுழைப்பை ஊக்குவித்ததற்காக ஹெட்மாஸ்டருக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். அந்த வருஷம் பள்ளிக்கூடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றுப்போனது.

எல்லோரையும் நெருக்கி ஏற்றி நிறுத்தோம். எழுபத்தொன்று! ஒரே ஒரு கிலோ! லாரியில் இனிமேல் ஒரு குடை வைக்கக்கூட இடமில்லை. கமாண்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு எடைமேடைத் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு தலை. இன்னும் ஒரே ஒரு தலை. இடம் அடைக்காத தலையா இருக்கணும்," என்று புலம்பினார்.

அந்த வாரம்தான் எனக்கு மகள் பிறந்தாள். மாமியார் போனைக் குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். அப்படி ஒரு அழுகை! கிடங்கு வாசலில், லாரிக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டேன். பிறகு என் மனைவி பேசினாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. "வலி எடுத்ததுலேர்ந்து வாசல் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தேங்க," என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டு நானும் அழுதேன். இதில் என்ன வெட்கம்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு கமாண்டரிடம் போனேன்.

"சார், பொண்ணு பிறந்திருக்கா. ஒரே ஒரு தடவை பார்த்துட்டு ஓடி வந்துடுறேன் சார்."

"ரொம்ப சந்தோஷம்யா. தாயும் பிள்ளையும் சுகமா?"

"சுகம் சார்."

"எத்தனை கிலோ?"

"ரெண்டே முக்கால் சார்."

கமாண்டர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். அவர் அப்படித் தானாக எழுந்து நான் பார்த்ததே இல்லை. மேஜையைச் சுற்றி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ரெண்டே முக்கால்," என்றார். "இருபத்தஞ்சு வயசுக்கு உள்ளதான?"

நான் விளையாட்டுக்குப் பேசுகிறார் என்று நினைத்தேன். மனிதர் சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார். உச்ச வயது போட்டிருந்தார்கள், குறைந்தபட்ச வயது போடவே இல்லை. "மடியில உட்கார வச்சுக்கலாம். இடமே வேண்டாம்," என்றார்.

எனக்கு லீவு கொடுக்க வழியில்லாத ராணுவம் என் மகளைக் கூட்டிவர ஜீப் அனுப்பியது. பச்சைப்பிள்ளையோடு வந்து இறங்கிய என் மனைவி கமாண்டரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் சார், அப்பனைப் புள்ளைகிட்ட அனுப்ப முடியாது, புள்ளையை அப்பன்கிட்ட கொண்டுவர முடியுமா? இது எந்த ஊரு நியாயம்?"

"அம்மா, உங்க பொண்ணு நாட்டுக்குச் சேவை செய்யப் போறா," என்றார் கமாண்டர்.

"அவ இன்னும் தொட்டில்ல ஒழுங்கா தூங்கவே பழகலை."

"பழகிடுவா. இங்க எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிச்சோம்."

லாரியில் ஆட்கள் ஏறிவிட்டால் எடை பார்த்து முடியும்வரை டிரைவர் இறங்கக் கூடாது. ஆகவே நான் இறங்கவில்லை. என் மனைவி கீழே நின்றபடி ஜன்னல் வழியாகக் குழந்தையை நீட்டினாள். ஸ்டியரிங்குக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் வைத்து வாங்கிக்கொண்டேன். கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்! என் மகள். என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். பின்னால் மற்ற எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே கமாண்டர் வகுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது எதுவும் காதில் விழவில்லை.

"அறுபத்தொன்பதரை!" என்று கமாண்டர் அலறினார். லாரியே அதிர்ந்தது. கால்பந்துப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். சமையல்கார அண்ணன் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்.

லீவு திறந்துவிட்டது! வரிசையில் முதல் ஆளாக நான் நின்றேன். கமாண்டர் என் மனுவை வாங்கி, 'காரணம்' என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"குழந்தையைப் பார்க்கணும்னு எழுதியிருக்கே."

"ஆமா சார்."

"அதான் பார்த்துட்டியே?"

"காரணம் தீர்ந்துபோச்சுய்யா. காரணம் இல்லாம லீவு குடுத்தா என்னை மேல கேப்பாங்க," என்று அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். மற்ற எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். என் மகளும் ஜீப்பில் ஊருக்குப் போனாள். நான் மட்டும் வயிற்றெரிச்சலோடு கிடங்கிலேயே கிடந்தேன். அதற்கப்புறம் மாதம் ஒரு தடவை அவளை எடைக்குக் கொண்டுவருவார்கள். ஜன்னல் வழியாக வாங்குவேன், எடை பார்த்து முடித்ததும் ஜன்னல் வழியாகக் கொடுப்பேன். சாப்பாடு இறங்கவில்லை. தூங்கப் போனால் அந்தப் பிஞ்சு விரல்தான் ஞாபகம் வரும்.

கிடங்குக்குக் கேடயம் கிடைத்தது, கமாண்டருக்கு மெடல் கிடைத்தது. அதோடு விட்டிருக்கலாம். தலைமையகம் சும்மா இருக்குமா? ஆளுக்கு ஆள் எடை எப்படி மாறியிருக்கிறது என்று கேட்டு எழுதியது. தனித்தனியாக நிறுக்க வேண்டும் என்றதும் ஒருவருக்குக் கால்வலி, ஒருவருக்குத் தலைசுற்றல், கமாண்டருக்கு அவசரக் கூட்டம். பிள்ளைகளுக்குப் பரீட்சை. தனியாகத் தராசில் ஏறச் சம்மதித்த ஒரே வீரர் என் மகள்தான். சர்க்கரை மூட்டை நிறுக்கும் தராசில் ஒரு துண்டை விரித்து அவளைப் படுக்க வைத்தோம். முள் ஏழைத் தொட்டது. அவள் சிரித்தாள். கமாண்டர் அந்த ஒரு கணக்கை மட்டும் அனுப்பிவைத்தார்.

பதில் வரவில்லை, மேஜரே வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது.

"உங்க பிரிவுல நிறுத்த ஆளுங்களோட எடை அரை வருஷத்துல ரெண்டரை மடங்கு ஆகியிருக்கு! நாட்டுல எந்தப் பிரிவிலயும் இப்படி நடந்ததில்லை. யாரு அந்த ஆளு?"

விசாரணைக்கு என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தை மேஜரின் பேனாவைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது. மேஜர் குழந்தையைப் பார்த்தார், சுற்றறிக்கையைப் பார்த்தார், சுற்றறிக்கையையே நம்புவது என்று முடிவு செய்தார்.

"இவரோட தினசரி நடவடிக்கை என்ன?"

"பால் குடிக்குது, தூங்குது," என்றாள் என் மனைவி.

"அப்புறம்?"

"எழுந்து மறுபடியும் பால் குடிக்குது."

மேஜர் மேஜையில் ஓங்கிக் குத்தினார். "இதான்! இந்த ராணுவத்தோட பிரச்சினையே இதான்! சாப்பிட வேண்டியது, தூங்க வேண்டியது! இத்தனை வருஷமா இதை எதிர்த்துத்தான் நான் மேடை மேடையா பேசுறேன்!" தீர்ப்பும் அப்போதே சொல்லிவிட்டார். இந்த வீரர் மூன்று மாதம் வீட்டில் தங்கி எடைச் சீர்திருத்தம் பெற வேண்டும். எடை கூடிக்கொண்டே போனால் சீர்திருத்தமும் நீளும். கூடவே இருந்து தினமும் அசைய வைத்து மேற்பார்வை செய்ய, இதே பிரிவிலிருந்து எழுபது கிலோவுக்குள் இருக்கும் ஒருவர் போக வேண்டும். அவர் இப்போதே தராசில் ஏறிக் காட்ட வேண்டும்.

நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் பூட்ஸைக் கழற்றினேன். சர்க்கரைத் தராசில் அந்தத் துண்டு இன்னும் கிடந்தது, அதன்மேல் ஏறி நின்றேன். முள் நடுங்கி நடுங்கி எழுபதுக்கு ஒரு கோடு முன்னால் நின்றது. எனக்கே ஆச்சரியம். என் மனைவி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்படி இளைச்சே?" என்று கேட்டார் மேஜர்.

"லீவு கிடைக்கலைன்னு கவலையில சார்."

மேஜரின் கண் அகல விரிந்தது. உடனே தலைமையகத்துக்குப் போன் போட்டார். லீவு மறுத்தால் எடை குறைகிறது என்று தாமே ஆராய்ந்து கண்டுபிடித்திருப்பதாகவும், இதை எல்லாப் பிரிவுகளிலும் உடனே அமல்படுத்தலாம் என்றும் சொன்னார். எங்கள் கிடங்கிலிருந்தே அது தொடங்கியது. நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் என் சகாக்கள் திட்டியதை இங்கே எழுத முடியாது. சமையல்கார அண்ணன் ஒருவர்தான் வாசல்வரை வந்து, "போயிட்டு வாடா தம்பி, வீரரைப் பத்திரமா பார்த்துக்கோ," என்றார்.

இப்போது நான் வீட்டில் மேற்பார்வைப் பணியில் இருக்கிறேன். வீரர் தவழக் கற்றுக்கொண்டார். கட்டிலுக்கு அடியில் புகுந்து, மேஜைக்கு அடியில் வந்து, சமையலறை வாளிக்குள் கையை விடுகிறார். பின்னாலேயே முட்டிபோட்டு ஓடி ஓடி எனக்கு மேலும் இரண்டு கிலோ இறங்கிவிட்டது. மாதக் கடைசியில் அவரை எடை பார்த்து மேஜருக்குப் போன் செய்ய வேண்டும்.

நேற்று மேஜர் போனில் கேட்டார். "மூணு மாசம் முடியப்போகுது. எடை எப்படி?"

"கூடிக்கிட்டே போகுது சார்," என்றேன், எவ்வளவு கவலையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு கவலையாக.

"விடாதே! இன்னும் மூணு மாசம் இருந்து பாரு!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மசித்த வாழைப்பழக் கிண்ணத்தைக் கையில் எடுத்து, மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஆ காட்டுடா தங்கம்," என்றாள். "அப்பாவுக்காக இன்னும் ஒரே ஒரு வாய்."